ஈரம் பட்டால் விழிக்கும்

மழை விடாமல் பெய்த வாரத்தில் ஒரு பிற்பகல், அம்மாவின் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தாழ்வாக ஒரு சுரம், அதன் தோளில் ஏறி நிற்பதுபோல் இன்னொன்று. முன்னறையில் வேலை மேசைமேல் குனிந்திருந்த சின்னவள், கையிலிருந்த சால்டரிங் அயர்னை அதன் கூட்டில் செருகிவிட்டுக் காது கொடுத்தாள். கட்டில் கிறீச்சிட்டது. செருப்புகள் தரையில் தேய்ந்தன. சமையலறையில் குழாய் திறந்து மூடியது.

அப்பாவின் லேப்டாப் தானாக விழித்துக்கொண்டுவிட்டது. அம்மா டீ போடப் போகிறாள்.

அப்பா போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இருந்தவரைக்கும் பம்பு, மோட்டார், துணி துவைக்கும் மெஷின் என்று கம்பெனிகளுக்குக் கையேடு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்.' 'ஈரக் கையால் தொடாதீர்கள்.' பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய, செங்கல் கனமுள்ள சாம்பல் நிற லேப்டாப்பில்தான் கடைசிவரை எழுதினார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னபோது, "இதுக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தார். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சுவரில் ப்ளக் மாட்டினால்தான் ஓடும். வீட்டிலும் அவருக்குக் கையேட்டு மொழிதான் வரும். அம்மாவைப் பெயர் சொல்லியோ, 'இங்க பாரு' என்றோ அவர் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. விடியலில் மேசைக்கு முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து டீ வைக்க வேண்டும். பிற்பகல் தூக்கம் முடிந்ததும் இன்னொரு தடவை. யாரும் பேசி முடிவு செய்யாமல், எப்படியோ ஏற்பட்டுவிட்ட ஏற்பாடு.

அவர் போன பின் வந்த முதல் மழையில், யாரும் தொடாமலே அது சத்தம் கொடுத்தது. அன்றைக்கு ஓடி வந்து அறை வாசலில் நின்ற சின்னவள் கண்டது: திரையில் சாம்பல் வெளிச்சம், எதிரே காலி நாற்காலி, மேசையின் வலது ஓரத்தில் ஆவி பறக்கும் டீ. பக்கத்து ஸ்டூலில் அம்மா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

காரணம் சின்னவளுக்கு அப்போதே தெரியும். பழைய லேப்டாப்புகளைப் பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அவற்றைச் சேர்த்துவைக்கும் ஆசை பிடித்தவர்கள் எங்கெங்கிருந்தோ பஞ்சு சுற்றிப் பெட்டியில் அனுப்புவார்கள். பெரும்பாலும் நோய் ஒன்றுதான், கெப்பாசிட்டர். மின்சாரத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துச் சீராக விடுகிற, மாத்திரை அளவு அலுமினியக் குப்பி. உள்ளே ஒரு திரவம் இருக்கும். வயதானால் அடிவழியே கசிந்து, அது உட்கார்ந்திருக்கும் சர்க்கியூட் போர்டின் செம்புத் தடங்களைப் பச்சையாக அரிக்கும். காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவில்லை. காற்றில் ஈரம் ஏறினால் அந்தக் கசிவும் ஈரத்தைக் குடித்து, மின்சாரம் போகக் கூடாத இடத்தில் வழி திறந்துவிடும். பொத்தானை யாரோ அழுத்திவிட்டதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். சங்கதி அவ்வளவுதான். ஒரு காலைப்பொழுது வேலை.

தெரிந்தும் அவள் கை வைக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அப்பாவின் தொண்டைக்குள் குழாய் போட்டிருந்தார்கள். எதையோ சொல்ல வந்து, முடியாமல், போர்வைமேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்ல வந்தது அவரோடு போயிற்று. அப்படிப் போனவர் மழை நாளில் வந்து ஒரு டீ கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டுமே. அந்தக் கணக்கில்தான் விட்டுவைத்தாள். பெருக்கும்போது துடைப்பம் இடித்தோ என்னவோ, சில தடவை லேப்டாப்பின் ப்ளக் கழன்று கிடக்கும். கண்ணில் பட்டபோதெல்லாம் எடுத்து மாட்டி, சுவிட்சையும் போட்டுவிட்டு வருவாள். அம்மா ஏமாந்துவிடக் கூடாது.

அன்று டீ ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் போன் செய்தான்.

"என்ன, உங்கப்பா டீ குடிச்சாச்சா?"

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டலா? இன்னைக்கு லேப்டாப்புக்கு டீ. நாளைக்கு வாஷிங் மெஷினுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டுவாங்க. ஊர்ல இருக்கற லேப்டாப்பையெல்லாம் பிரிச்சு மேயற, வீட்ல இருக்கற ஒண்ணை உன்னால சரி பண்ண முடியாதா?"

"அம்மாவுக்கு அது ஆறுதலா இருக்கு."

"அம்மா சொன்னாங்களா?"

"சொல்லணுமா? பார்த்தாலே தெரியுது."

"நானும்தான் பார்த்தேன், போன தடவை வந்தப்போ. பாதி ஆளாயிட்டாங்க. கண்ணு ரெண்டும் உள்ள போயிடுச்சு. உனக்குப் பக்கத்துலயே இருக்கறதால தெரியலை. இதப் பாரு, ஒண்ணு நீ அதைச் சரி பண்ணு. இல்ல, நான் வந்து அம்மாவை இங்க கூட்டிட்டு வந்துடறேன். தூக்கம் இல்லாமலே ஆளு போயிடுவாங்க."

போனை வைத்த பின்னும் சின்னவளுக்கு அந்தக் கேள்விதான் காதில் நின்றது. அம்மா சொன்னாங்களா? எழுந்து உள்ளே போனாள்.

அம்மா ஸ்டூலில் இருந்தாள். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"அண்ணன் உன்னை அங்க வந்து இருக்கச் சொல்றான்மா."

"அங்க போனா மட்டும்?" அம்மா திரையைக் கண்ணால் காட்டினாள். "விட்டுடுவாரா?"

சின்னவளுக்கு நெஞ்சு இளகியது. "உனக்கு நல்லாத்தானே இருக்கு, அப்பா கூடவே இருக்கற மாதிரி?"

அம்மா திரும்பி அவளை நிதானமாகப் பார்த்தாள். வேறு யாரோ ஒரு பெண் வழி கேட்டு வந்து நிற்பதுபோல் பார்த்தாள்.

"உனக்கு அப்படியா இருக்கு?"

"ஏம்மா, உனக்கு இல்லையா?"

"எனக்குத் தூங்கணும்டி."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு அரைத் தூக்கம்தான். ஒரு காது எப்பவும் முழிச்சுக்கிட்டிருக்கும். அந்த மனுஷன் போனப்போ அழுதேன். பொய் இல்ல, நிஜமாத்தான் அழுதேன். ஆனா அழும்போதே உள்ளுக்குள்ள, நாளைக்குக் காலைல எழுந்திருக்க வேணாம்னு ஒரு நினைப்பு ஓடிச்சு. அப்படி நினைச்சேன் பாரு, அதான் வந்துட்டார்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. உள்ள ஒரு கெப்பாசிட்டர் கசிஞ்சிருக்கு. ஈரம் பட்டா அது..."

"நீ சொல்லுவ. நான் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கேன், தெரியுமா? வானம் இருட்டினா போதும், பிடுங்கிப் போட்டுட்டுத்தான் படுப்பேன். முழிச்சுப் பார்த்தா மாட்டியிருக்கும். ஒரு தடவைன்னா, சரி, நாமதான் மறந்துட்டோம்னு நினைக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா மாட்டி, சுவிட்சும் போட்டிருக்கு. அதுக்கப்புறம் நான் அதைத் தொடறதே இல்ல." அம்மா குரலைத் தாழ்த்தினாள், மெஷினுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல். "கெப்பாசிட்டருக்குக் கை இருக்கா?"

சின்னவள் சுவரிலிருந்த ப்ளக்கைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். நான்தாம்மா மாட்டினேன். ஒரு வாக்கியம். சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்று பயமா? அது மட்டும் இல்லை. அம்மாவின் அந்தப் பயத்துக்குள்ளே அப்பா இருந்தார். ப்ளக் மாட்டத் தெரிந்த, பிடிவாதக்காரரான, அசல் அப்பா. சொல்லிவிட்டால் அங்கேயிருந்தும் அவர் கிளம்பிவிடுவார். பிறகு அவர் இருக்க இந்த உலகத்தில் இடமே கிடையாது. இப்படி ஒரு நினைப்பு தன்னிடம் இருப்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அறையில் துணை தேவைப்பட்டது யாருக்கு என்பதும்.

"சரி பண்ணிடறேன்மா," என்றாள்.

"நிக்குமா?"

"நிக்கும்."

"இத்தனை நாள் ஏன் பண்ணலை?"

"நீ கேக்கலையே."

"நான் கேட்டு இந்த வீட்ல எது நடந்திருக்கு?" குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் சின்னவள் அதை மேசையில் குப்புறப் போட்டுத் திருகுகளைக் கழற்றினாள். அப்பா இருந்தவரை அவளை அதன் பக்கமே விட்டதில்லை. எத்தனையோ பேருடைய மெஷினைத் திறந்தவளுக்கு இதன் அடிமூடியைத் தூக்கும்போது விரல் கூசியது, தூங்குகிறவரின் சட்டைப்பையில் கைவிடுவதுபோல். விசைப்பலகையின் கீழே பிஸ்கட் தூள், நகத்துண்டு ஒன்று, வெள்ளை மயிர்கள் சில. மீசை மயிராக இருக்க வேண்டும். தூரிகையால் தள்ளுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளினாள். வேறு என்ன செய்ய முடியும்?

போர்டு அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. குப்பிகளின் காலடியில் ஈரம் மினுங்கியது. ஈயத்தின் பளபளப்பு செத்து, சாம்பல் பூத்திருந்தது. பொத்தானுக்குப் போகும் தடத்தின் பக்கத்தில் இருந்த குப்பிதான் மற்றதைவிட அதிகமாகக் கசிந்திருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் அரிப்பு முழுசாகத் தின்று, மெஷின் நிரந்தரமாக வாயை மூடியிருக்கும். கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் அவர் போகத்தான் போகிறார் என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. சிரிப்பு வரவில்லை.

சூடு காட்டியதும் கெட்டுப்போன மீன் வாடை எழுந்தது. அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்னடி இந்த நாத்தம்? எலி செத்த மாதிரி."

"கசிஞ்சதைச் சூடு பண்ணா இப்படித்தான் வரும்."

"நல்லவேளை, உங்கப்பா வாசனைன்னு சொல்லாம இருந்தியே."

சின்னவள் அந்தக் குப்பியைக் குறட்டால் தூக்கி, துணியில் துடைத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அம்மா அதைச் சன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

"இத்துனூண்டு. இதா என்னை எழுப்பினது?"

"இதேதாம்மா."

அம்மா நம்பப் பார்த்தாள். நம்ப வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டாள்: "அப்போ மாட்டினது?"

"கொஞ்சம் தள்ளிக்கோம்மா. வெளிச்சத்தை மறைக்கற."

அம்மா தள்ளிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் உள்பக்கம் போயிற்று.

சின்னவள் கசிவை ஸ்பிரிட் போட்டுக் கழுவினாள். அறுந்த தடத்துக்கு மயிரிழைக் கம்பியால் ஒட்டுப் போட்டாள். புதுக் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக உட்காரவைத்தாள். எல்லாம் பழையது மாதிரியே உருண்டைக் குப்பிகள், கோடு போட்ட பக்கம் மைனஸ். பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் மட்டும் உயரம் போதாது, மேலே விசைப்பலகை வந்து அழுத்தும். அங்கே மஞ்சளாக, தட்டையாக இருக்கும் டான்டலம் வகைக் கெப்பாசிட்டரைத்தான் போட வேண்டும். போட்டாள். மூடுவதற்கு முன் வழக்கம்போல் பூதக்கண்ணாடி வைத்து ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தவள், மஞ்சளிடம் வந்ததும் நின்றாள்.

டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பிளஸ். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது. விழுந்தவர்கள் மறப்பதில்லை. தலைகீழாகப் போட்டுக் கரண்ட் கொடுத்தால் பட்டாசாக வெடித்து, போர்டையும் பொசுக்கிவிடும். அவள் விழுந்து எழுந்து வருடக்கணக்காகிறது. இப்போது அந்த மஞ்சள் துண்டு தலைகீழாக, அழகாக, பளிச்சென்ற ஈயத்தில் உட்கார்ந்திருந்தது.

வெடித்திருந்தால்? 'போயிடுச்சும்மா' என்று கையை விரித்திருக்கலாம். அம்மாவுக்காக அவரை அனுப்பிவைத்ததும் அவளாக இருக்காது, தனக்காக வைத்துக்கொண்டதும் அவளாக இருக்காது. கெப்பாசிட்டர்மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதிருக்கலாம். தன் கைக்கே தன்னைவிட நன்றாக யோசிக்கத் தெரிந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அயர்னை எடுத்து, ஈயத்தை இளக்கி, அதைத் திருப்பிப் போட்டாள்.

பொத்தானை அழுத்தினால் எழுந்தது. அழுத்தாவிட்டால் சும்மா கிடந்தது. ஈரத்துணியை மேலே தொங்கவிட்டு நாள் முழுக்க வைத்திருந்து பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"எடுத்து உள்ள வெச்சுடவாம்மா? கண்ணுல படாம?"

"எதுக்கு? அது இடத்துலயே இருக்கட்டும். எனக்கு அவர் மேல வெறுப்பு ஒண்ணும் இல்ல. கூப்பிடாம இருந்தாப் போதும்."

லேப்டாப் மேசைக்கே திரும்பியது. அம்மா ப்ளக்கைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் ப்ளக்கைச் சுவரில் மாட்டினாள், நம்பிக்கை வரட்டும் என்று. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

மழை மறுபடி வந்தது. முதல் நாள் அம்மா படுக்கையில் கண் திறந்தபடியே கிடந்தாள். அடுத்த நாள் கண்ணை மூடிப் பார்த்தாள். அதற்கடுத்து, அடைத்துவைத்த தூக்கமெல்லாம் அணை உடைத்ததுபோல் வந்தது. காலையில் வெயில் முகத்தில் விழும்வரை தூங்கினாள். பிற்பகலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். "நான் குறட்டை விடறேனாம், உன் தங்கச்சிக்கு வேலை ஓடலையாம்," என்று அண்ணனிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். "நல்லா விடுங்கம்மா, அவளை வீட்டை விட்டே துரத்துங்க," என்றான் அண்ணன். கூட்டிக்கொண்டு போகிற பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. அம்மாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

சின்னவளுக்கு நிஜமாகவே வேலை ஓடவில்லை. குறட்டை காரணம் இல்லை. தூறல் விழுந்தால் கை நின்றுவிடும். காது அம்மாவின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வராது என்று தெரியும், வராமல் பண்ணியதே அவள்தான், இருந்தும் காது கேட்பதாக இல்லை. அப்பாவின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். 'இதுக்கு என்ன கேடு?' வார்த்தைகள் வந்தன, குரல் வரவில்லை. அவர் அவளோடு பேசியதே கொஞ்சம். அதிலும் எது அவர் சொன்னது, எது கையேட்டில் படித்தது என்று பிரிக்க முடியாமல் கலந்துபோய்க் கிடந்தது.

கனத்த மழை பிடித்த ஒரு பிற்பகல், அவள் எழுந்து அம்மாவின் அறைக்குப் போனாள். அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சன்னல் கண்ணாடியில் தண்ணீர் திரைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. அவருடைய எடைக்குக் குழிந்த இருக்கை அவளைக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்தது. சும்மா உட்கார்ந்திருக்கத்தான் வந்தாள். விரல் பொத்தான்மேல் போனது. அழுத்தினாள்.

தாழ்வாக ஒன்று, அதன்மேல் இன்னொன்று.

கட்டில் கிறீச்சிட்டது.

"வேணாம்மா, படு," என்று சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா அதற்குள் எழுந்துவிட்டாள். கண் பாதி மூடியிருந்தது. கால் தானாகச் செருப்பைத் தேடிப் பிடித்தது. நாற்காலிப் பக்கம் திரும்பாமலேயே சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனாள். குழாய் திறந்து மூடியது. அடுப்பு பற்றியது. ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். அந்த நாற்காலியிலிருந்து கேட்கும்போது அந்தச் சத்தங்கள் எல்லாம் வேறு மாதிரி இருந்தன. ஒவ்வொன்றும் தனக்காகவே வருவதுபோல், எத்தனை கேட்டாலும் போதாததுபோல். அப்பா இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று நினைத்தாள். நகரவில்லை.

அம்மா வந்து மேசையின் வலது ஓரத்தில் கோப்பையை வைத்தாள். வைத்த பிறகுதான் கை கண்ணில் பட்டது. பொத்தானிலிருந்து இன்னும் எடுக்காத விரல். விரலிலிருந்து முகத்துக்கு வந்தாள். முழுசாக விழித்தாள்.

"நீயா?"

சின்னவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

அம்மாவின் பார்வை லேப்டாப்பின் வயரைப் பிடித்துக்கொண்டு மேசையிலிருந்து இறங்கி, தரையில் ஓடி, சுவரில் போய் ப்ளக்கில் நின்றது.

"அதுவும் நீதானா?"

"ஆமா."

"எல்லாத் தடவையுமா?"

"ஆமாம்மா. உனக்கு வேணும்னு நினைச்சு..." அந்த வாக்கியத்தை முடிக்க அவளால் முடியவில்லை. "எனக்கு வேணும்னு இருந்துச்சு."

அடி விழும் என்று எதிர்பார்த்தாள். அதுகூட நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டீக்கோப்பையைத் தன் பக்கம் நகர்த்தி, ஊதி, ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது.

"சர்க்கரை இல்ல," என்றாள். "அவருக்குப் போட மாட்டேன்."

ஆனாலும் இன்னொரு வாய் குடித்தாள்.

"அப்போ அவர் வரலை."

"வரலைம்மா."

"ஒரு தடவைகூட?"

மழைச் சத்தத்தில் அந்தக் கேள்வி மிகச் சின்னதாகக் கேட்டது. தூங்க வேண்டும் என்று சொன்ன அதே குரல்தான். இல்லை என்று சொல்லவே கூடாது என்று சின்னவளுக்குத் தோன்றியது. ஆனால் இந்த வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு சொல்லாமல் இருந்தாகிவிட்டது.

"ஒரு தடவைகூட இல்லம்மா."

அம்மா தலையசைத்தாள். கட்டிலுக்குத் திரும்பிப் போகவில்லை. திரையின் சாம்பல் வெளிச்சம் முகத்தில் விழ, மடியில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பா போன அன்றைக்கு அழுதபோதுகூட வராத அழுகையை மெதுவாக ஆரம்பித்தாள்.